வெளிச்சத்துக்கு வராத சோல்ஜர்கள்

திண்டிவனத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் அமலாவுக்கு மீன் என்றால் சரக்கு, அவ்வளவுதான். மாதா கோயில் பங்குச் சாமியாரே வந்து கேட்டாலும் விலையைக் குறைக்கமாட்டாள். அப்படிப்பட்டவளை ஏழு சிவப்பு மீன்கள் ஆட்டிவைத்தன.

அவை தேவநாதனுக்காகச் சென்னையிலிருந்து வரவழைத்தவை. அவர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு போடுகிறவர். சித்திரையில் கிரகப்பிரவேசம், புது வீட்டு ஹாலில் கடல்மீன் தொட்டியைப் பார்த்துச் சம்பந்திகள் வாயைப் பிளக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பவளப்பாறை மீன், கூட்டமாகவே இருக்கும், பேர் சோல்ஜர் என்று மொத்தக் கடைக்காரர் சொல்லியனுப்பினார். உள்ளங்கை நீளம், மிளகாய்ப்பழச் சிவப்பு, முகத்தில் பாதி கண். கடைத் தொட்டியில் விட்டதுதான் தாமதம், ஏழும் கல்லிடுக்கில் நுழைந்துகொண்டன. ஒன்றையொன்று உரசிக்கொண்டு அங்கேயே கிடந்தன. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சோல்ஜருன்னு பேரு. எல்லாம் பொந்துல பூந்துக்கினு கீதே!” என்று சிரித்தார் கணவர் சவரிராயன்.

அமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டினியிலேயே செத்துவிடுமோ என்று கவலை. இருட்டுக்குப் பயப்படுகிறது என்று நினைத்து இன்னொரு லைட்டைப் போட்டாள். அதற்குப் பிறகு வால்கூடத் தெரியவில்லை. மேலும் ஒரு லைட் போட்டாள். பொருள் கண்ணில் படவில்லை என்றால் கடைக்காரப் புத்தி பல்பைத்தான் தேடும். தண்ணீர் கெடாமலிருக்க, கடை மூடும்போது மிச்சத் தீனியை அரித்தும் எடுத்துவிடுவாள்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் கோயிலிலுள்ள புனிதர் சுரூபங்களை மூடும் ஊதாத் துணிகளைத் தைத்துக் கொடுப்பது வருஷா வருஷம் அமலாதான். ஒருநாள் மத்தியானம் கடையிலேயே சூசையப்பர் துணிக்கு ஓரம் அடித்துவிட்டு, வைக்க இடமில்லாமல் தொட்டிமேல் போட்டாள். கனத்த துணி, தொட்டி முழுக்க மூடிக்கொண்டது. சூட்டில் கருகிவிடப்போகிறதே என்று லைட்டுகளை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் சளக்கென்றது. துணியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள்.

இடுக்கு காலி. ஏழும் வெளியே. அதுவும் கூட்டமாக இல்லை, ஆளுக்கொரு மூலையில் இரை தேடிக்கொண்டிருந்தன. சிவப்பெல்லாம் போய்க் கருநிழலாகத் தெரிந்தன. பகலில் ஒட்டிக்கொண்டு கிடப்பவை இருட்டினால் தனித்தனியாகப் பிழைக்கப் போகின்றனவா? கண் இத்தனை பெரிதாக இருப்பது இதற்குத்தானா? இறால் துணுக்கு ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். அது தரையைத் தொடுமுன் ஒரு மீன் பாய்ந்து லபக்கென்று விழுங்கியது. “யேசுவே!” என்று அமலா கத்தியேவிட்டாள்.

சனிக்கிழமை தேவநாதன் வந்தார். “ஜல்தியா கட்டிக் குடும்மா, வண்டி நிக்குது.”

“அண்ணே, இதுங்க வெளிச்சத்துல வராதுங்க. ஹால்ல வச்சா சம்பந்திங்க கல்லைத்தான் பாப்பாங்க. எந்நேரமும் லைட்டு எரிஞ்சா பட்டினி கிடந்து செத்துப்பூடும். மொதல்ல இப்படி வந்து பாருங்க.”

அவர் அலுத்துக்கொண்டே தொட்டிமேல் போட்டிருந்த துணிக்குள் தலையை விட்டார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். தேவநாதனின் வேட்டி மட்டும் துணிக்கு வெளியே அசையாமல் நின்றது.

உள்ளிருந்து குரல் வந்தது. “சம்பந்திங்களுக்கு வேற கலர் மீனு ஏதாச்சும் குடு, போதும். இதை உள்ரூம்ல, ஜன்னலைச் சாத்தி வச்சிக்கிறேன். நான் மட்டும் பாத்துக்கிறேன்.”

மீன்கள் பிழைத்துவிட்டன. அமலாவுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. எத்தனையோ மீன் விற்றவள், விற்றதைத் தேடிப்போக ஒருநாளும் நினைத்ததில்லை. பையில் உப்புத்தண்ணீரை நிரப்பிக்கொண்டே கேட்டாள்:

“அண்ணே, உங்க ஊருக்கு இருட்டினப்புறம் பஸ் இருக்குதா?”