இரண்டு சஹானா எதற்கு?

போன செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுங்காவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிறு என்றால் எனக்குக் கோபம் வரும். கோபத்தை மறக்கச் சுற்றி இருப்பவர்களை வேடிக்கை பார்ப்பேன். பத்தி எழுதுகிறவளுக்கு அது தொழிலும்கூட.

கவுன்ட்டரில் இருந்த பெண் கூப்பிட்டாள். "பேபி முருகன்!"

எல்லோரும் கைக்குழந்தையைத் தேடினோம். எழுந்து போனதோ இருபத்து நாலு வயது மதிக்கத்தக்க பெண். ஜீன்ஸ், தோளில் லேப்டாப் பை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ என்ன யாரோ... நானும்தான் சிரித்தேன்.

எனக்குச் சிரிப்போடு சந்தோஷமும். இந்த வாரம் எழுதக் குழந்தைகளின் பேர்களைத்தான் பிடித்து வைத்திருந்தேன். எந்தப் பேருக்கு எப்போது மவுசு, எது எப்போது காணாமல் போனது என்று கைப்பையில் இருந்த நோட்டில் குறிப்புகள்கூட ரெடி.

ஸ்கூலில் என் வகுப்பில் என்னோடு சேர்த்து ஐந்து லலிதா. டீச்சர் ரோல் நம்பரோடுதான் கூப்பிடுவார். நான் 'லலிதா பதினேழு'. அப்புறம் வந்தது சுரேஷ், ரமேஷ், மகேஷ் காலம். இன்று செம்பூர் பார்க்கில் நின்று "ரமேஷ்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். திரும்புகிறவர்கள் எல்லாம் டாக்டர் சொல்லி நடக்க வந்தவர்கள். சறுக்குமரத்தில் இருப்பது ஆரவ், விவான், கியாரா. தாராவியிலும் இதே கதைதான். தாத்தா பேர் சுடலைமுத்து என்றால், பேரன் ஸ்கூல் ஐடி கார்டில் ரியான்.

'பேபி'யும் ஒரு காலத்துப் பேர். எங்கள் தலைமுறையில் மாட்டுங்காவில் மாடிக்கு ஒரு பேபி இருந்தாள். அவர்களுக்கெல்லாம் இப்போது முட்டிவலி. இந்த வயதில் ஒரு பேபி என்றால்... ஃபேஷன் திரும்பி வந்துவிட்டதா?

ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்தியபடி அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விடுவேனா? இந்தக் காலத்தில் உனக்கு யாரம்மா இப்படி ஒரு பேர் வைத்தது என்று கேட்டேவிட்டேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க லலிதா ஆன்ட்டிதானே? பத்திரிகையில போட்டோ பார்த்திருக்கேன். நான் செல்வியோட பொண்ணு. ஆண்டாப் ஹில் செல்வி."

செல்வி எங்கள் செம்பூர் வீட்டில் ஏழு வருஷம் வேலை செய்தவள். மற்ற வீடுகளில் வேலைக்கு வரும் பெண்ணைப் பேர் சொல்லாமல், இந்த ஊர் வழக்கப்படி 'பாயி' என்பார்கள்; எங்கள் வீட்டில் செல்வி என்றே கூப்பிடுவோம். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. பிறகு அவள் புருஷனுக்கு ஐரோலிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு அப்போது நாலு வயது.

"அம்மா இன்னும் உங்க பக்கத்தை வாரா வாரம் படிப்பாங்க ஆன்ட்டி. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க வராது. அம்மாதான் வாய்விட்டுப் படிச்சுக் காட்டுவாங்க" என்றாள்.

எனக்கு ஜில்லென்று இருந்தது. எந்த எழுத்தாளருக்குத்தான் இருக்காது?

பேர்க் கதையை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் பிறந்தபோது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பேர் வைப்பதில் சண்டையாம். சண்டை முடிவதற்குள் ஸ்கூலில் சேர்க்கும் நாள் வந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பேபி ஆஃப் செல்வி' என்று இருந்ததை வைத்து, ஸ்கூலில் 'பேபி' என்று எழுதிக்கொண்டார்கள். ஏழாவது வகுப்பு வரைக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பின் பெஞ்சில் இருந்து 'ங்கா' என்று அழுகைச் சத்தம் வருமாம். இப்போது ஐரோலியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும், அதற்குத்தான் இந்த மெடிக்கல் டெஸ்ட். இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் கொடுத்தவர், "இது வீட்டுல கூப்பிடற பேர்தானே, நெஜப் பேர் என்ன?" என்று கேட்டாராம்.

"என்ன சொல்றது ஆன்ட்டி? இதுதான் இருக்கு."

கெஜட்டில் பேரை மாற்றப் போகிறாள். ஃபாரம் பூர்த்தி செய்தாயிற்று. பழைய பேர் இடத்தில் பேபி. புதிய பேர் இடம் காலி.

"நீங்க எழுதறவங்க. அக்காவுக்கு எவ்வளவு அழகா சஹானான்னு வெச்சீங்க! எனக்கும் நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்."

என் கையில் இருந்த டோக்கன் நனைந்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். சொல்ல வாய் கூசுகிறது... ஆனாலும் சொல்கிறேன்.

லலிதா பதினேழாகவே வளர்ந்தவள் நான். என் பெண்ணுக்கு வேறு யாருக்கும் இல்லாத பேர் வேண்டும் என்று மூன்று வாரம் தேடி, சஹானா என்று வைத்தேன். ராகத்தின் பேர். அப்போது எங்கள் பில்டிங்கில், ஏன், செம்பூரிலேயே எனக்குத் தெரிந்து இன்னொரு சஹானா கிடையாது. கேட்டவர்கள் எல்லாம் "வித்தியாசமா இருக்கே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் ஒரு வருஷம் மிதந்தேன்.

அடுத்த வருஷம் செல்விக்குப் பெண் பிறந்தது. நாற்பது நாள் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு பெட்டி பேடாவோடு வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். "மாமி, உங்க பாப்பா பேரையே வெச்சிட்டோம். சஹானா! அவ அப்பாவுக்கும் ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள்.

நான் குளிர்ந்து போவேன் என்று நினைத்து வந்திருக்கிறாள். எனக்கோ சுருக்கென்றது. நான் தேடி எடுத்த பேர் ஆண்டாப் ஹில் குழாயடியில் கூப்பிடப்படுமா என்று நினைத்தேன். ஆமாம், இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன். ஐந்து லலிதாக்கள் இருந்த வகுப்பை நான் சகித்துக்கொண்டேன். அந்த ஐந்து பேரின் அப்பாக்களும் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "ஒரே வீட்டுல ரெண்டு சஹானா எதுக்கு செல்வி? நான் கூப்பிட்டா எது வரும்? வேற நல்ல பேரா வெச்சுக்கோயேன்."

செல்வி குழந்தையை மற்ற தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள். "அதுவும் சரிதான் மாமி" என்றாள். நான் பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாளில் இருந்து அவள் குழந்தையைப் 'பாப்பா' என்றாள். நானும் 'பாப்பா' என்றேன். நாலு வருஷம் அந்தக் குழந்தை எங்கள் டைனிங் டேபிளுக்கு அடியில் விளையாடியது. அதற்கு என்ன பேர் வைத்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள்கூட!

அம்மா அப்பா சண்டையாவது, மண்ணாவது. அந்தக் கதை என்னைக் காப்பாற்றச் செல்வி கட்டியது என்பது, லேபில் அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. அவளிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லை. யோசித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டு, ரத்தம் கொடுக்க உள்ளே போனேன். அம்மாவின் நம்பரையும் கொடுத்தாள்.

மறுநாள் காலை செல்விக்கு போன் செய்தேன். நலம் விசாரித்து, ஐரோலியின் தண்ணீரைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, மெல்ல விஷயத்துக்கு வந்தேன். வேறு பேர் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"வைக்கணும்னுதான் நெனச்சோம் மாமி. வாயில வரல. தொட்டில்ல போட்டு, காதுல மூணு தடவ அந்தப் பேரச் சொல்லியாச்சுல்லா... அதுக்கு மேல இன்னொண்ண எப்படிச் சொல்ல?"

அவர்கள் வழக்கம் அது. எங்கள் வழக்கமும் அதுதான். என் பெண்ணின் காதிலும் மூன்று தடவை சொல்லித்தான் வைத்தோம். பேடாப் பெட்டியோடு அவள் வந்து நின்றபோது, பேர் ஏற்கெனவே அந்தக் குழந்தையுடையது ஆகிவிட்டிருந்தது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பிடுங்கினேன்.

மகளிடம் ஏன் மறைத்தாய் என்றும் கேட்டேன்.

"உங்க வீட்டுச் சோத்தத் தின்னு வளந்த புள்ள. அவ மனசுல உங்கள என்னத்துக்கு எறக்கணும்? விடுங்க மாமி. புள்ள ஆசப்பட்டுக் கேக்கா, நல்லதா ஒரு பேரு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். மவுசு போன பேர்கள் என்று நான் எழுதி வைத்த ஜோக்கெல்லாம் பல்லிளித்தன. ஒரு பேருக்கு மவுசு எப்போது போகிறது? எல்லோருக்கும் அலுத்துப்போன பிறகா? இல்லை. மேல் மாடியில் வைத்த பேர் கீழே இறங்கி வருகிறது; வந்து சேர்வதற்குள் மேலே இருப்பவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு பேருக்கு ஓடுகிறார்கள். இதைத்தான் ரசனை என்று சொல்லிக்கொள்கிறோம். நான் ஓடக்கூட இல்லை. கதவைச் சாத்தினேன்.

அப்படிக் காத்த பேர் என்ன ஆயிற்று தெரியுமா? என் பெண் கனடாவில் இருக்கிறாள். அங்கே அவளை 'ஹானா' என்கிறார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பழகிவிட்டாள். வீட்டில் என்னைத் தவிர யாரும் இப்போது முழுப் பேரைச் சொல்வதில்லை.

சரி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பேபிக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இங்கிலீஷ் எழுத்தில் ஒரே வார்த்தை. சஹானா.

வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. "அய்யோ, அக்கா பேரை நான் எப்படி ஆன்ட்டி எடுக்கறது? அதோட... தப்பா நெனக்காதீங்க, அது இப்போ கொஞ்சம் பழசு. காலேஜ்ல என் பேட்ச்லயே ரெண்டு சஹானா. வேற ஏதாவது மாடர்னா சொல்லுங்களேன்."

அது அக்கா பேர் இல்லையம்மா, உன் பேர்தான் என்று டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன், மறுபடி அழித்தேன். ஃபாரத்தில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வேறு ஒரு பேரை எந்த முகத்தோடு சொல்வேன்?

அதனால்தான் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். வரும் வாரம் ஐரோலியில் செல்வி இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்காருவாள். முதலில் தனக்குள் ஒரு முறை படித்துப் பார்ப்பாள். பிறகு, 'இந்த வாரம் மாமி ஒண்ணும் எழுதல' என்று சொல்லி மடித்து வைத்துவிடுவாள்.

அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.