ஓட்டை மட்டும் சொந்தம்

முசே சவரிநாதன் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவள் தேங்காய்த்திட்டு அஞ்சலை. தலையிலிருந்த மீன்கூடையைக்கூட அவள் இறக்கவில்லை. "அக்கா, முசே பூட்டாரு. ராத்திரி தூக்கத்துலயே." சற்று நின்று, "கூலி கேக்காம அவரு செஞ்ச ஒரே வேலை இதான்" என்றவள், ஓவென்று அழுதாள்.

அவரை அறிந்தவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரம் எழுதும் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர்; 'ஐயா' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'முசே' அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது. ரெட்டியார்பாளையத்து வீட்டிலிருந்து கறுப்புக் குடையோடுதான் கிளம்புவார், வெயிலோ மழையோ.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மாதர் சங்கம் மீன் விற்கும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் நடத்தியது. நான் செயலாளர். கீற்றுக்கூரை கண்ட இடத்திலெல்லாம் ஒழுகும். ஐப்பசி மழைக்குள் கூரை மாற்றாவிட்டால் காப்பகத்தை மூட வேண்டியதுதான். மூடினால் கைப்பிள்ளையை எங்கே விட்டுவிட்டு அவர்கள் கூடை தூக்குவது? பிரான்சில் உள்ள ஒரு தரும சங்கத்திடம் உதவி கேட்கலாம் என்றார்கள். பிரெஞ்சில் விண்ணப்பம் எழுத முசேயை அழைத்தோம். வந்ததும் கூலி பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தர்ம காரியத்துக்குமா கூலி?"

"சும்மா எழுதினா நீங்க சொல்றதையெல்லாம் நான் எழுதணும்மா. கூலி குடுத்தீங்கன்னா, நான் சொல்றதை நீங்க கேப்பீங்க."

கேட்டுத் தொலைத்தோம். நான் இரண்டு நாள் உட்கார்ந்து உருக்கமாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். 'எங்கள் குழந்தைகள் கண்ணீரில் மிதக்கிறார்கள்' என்று அதில் ஒரு வரி. முசே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கண்ணீரு எத்தனை அடி ஆழம்?" என்று கேட்டார். அஞ்சலை சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "கூரை ஒழுகுது, அவ்ளோதான். அதை எழுதினாப் போதும்" என்று, அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார். இதற்கா கூலி என்று வயிறெரிந்தேன்.

ஆனால் பதில் வந்தது. நேரில் பார்க்க அந்தச் சங்கத்திலிருந்து ஒரு மதாம், பிரெஞ்சுக்கார அம்மாள், வருகிறார் என்று.

வெள்ளைக்கார விருந்தாளியின் முன்னால் கிழிசலையா காட்டுவது? எங்கள் பெண்களுக்கு மானம் பெரிது. அரியாங்குப்பத்திலிருந்து நாற்காலிகள் இரவல் வந்தன. பட்டுப்புடவை, சங்கிலி எல்லாம் இரவல். கல்யாண வீட்டில் கட்டுவதுபோல் கூரைக்கு அடியில் வெள்ளைத் துணி விதானம் கட்டி, ஓட்டைகளை அழகாக மறைத்தோம். வஞ்சிரம் வறுத்த வாசனை தெருமுனை வரைக்கும் போனது. வந்த மதாம் உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிட்டார்; சுற்றிப் பார்த்துவிட்டு முசேயிடம் ஏதோ கேட்டார்.

"யாருக்குக் கல்யாணம்னு கேக்குறாங்க" என்றார் முசே.

மதாம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அஞ்சலை என் கையை இறுகப் பிடித்தாள். இடுப்பில் அவள் பிள்ளை. "போச்சு அக்கா, நம்ப கையாலயே கெடுத்துக்கினோம்" என்றாள்.

முசே அவசரமே படவில்லை. குடையின் வளைந்த பிடியை விதானத்தில் மாட்டி ஓர் இழு இழுத்தார். துணி சரிந்து எல்லோர் தலையிலும் விழுந்தது, மதாம் தலையிலும். விலக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தால், கூரை முழுக்க வானம். முசே பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மதாம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுபடி உட்கார்ந்து, இன்னொரு துண்டு வஞ்சிரம் கேட்டார்.

"என்னா சொன்னீங்க முசே?" என்று கேட்டாள் அஞ்சலை.

"உள்ளதைத்தான். சேலை இரவல், சங்கிலி இரவல், நாற்காலி இரவல். ஓட்டை மட்டும் இவங்களுக்குச் சொந்தம்னேன்."

ஐப்பசிக்கு முன்பே ஓடு போட்டாகிவிட்டது. கூலியையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார், மனுஷன்.

அடக்கத்தன்று காப்பகத்து நாற்காலிகளை அவர் வீட்டுக்கு அனுப்பினோம். ஒருவர் எழுந்து, "கைம்மாறு கருதாத வள்ளல்" என்று ஆரம்பித்தார். அஞ்சலை சட்டென்று, "யாரு, இவரா?" என்றாள். சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

இதைக் காப்பகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை, பிள்ளைகள் தூங்குகின்றன. அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பயந்து உருக்கமான வரிகளையெல்லாம் அடித்துவிட்டேன். அழுகை மட்டும் நிற்கவில்லை, முசே. எத்தனை அடி ஆழம் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.