அம்மாவுக்கு அடித்த அறிவித்தல்

தேனுகா இருபத்திரண்டு வருடமாக ஓர்ஸ் ஹில்லில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சு செய்கிறாள். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பாள். வெள்ளை மை பூசித் திருத்துவதில்லை. அந்த மையின் மணம் குமட்டும் என்பாள். வயது நாற்பத்தேழு. அன்புவழிபுரத்தில் தனி வீடு. கணவன் கோணேஸ்வரன் ஆறு வருடங்களுக்கு முன் வவுனியாவுக்குப் போய் வேறொருத்தியோடு குடியிருக்கிறான். யாராவது கேட்டால் அப்படியே சொல்வாள். கேட்டவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

தம்பி கோகுலன் ஒன்பது வயது இளையவன். பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் வேலை. பிறந்தநாள் பதாகை, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அவன் கையால்தான். வெற்றிலை போடுவான். துப்புகிற இடம் பார்க்கமாட்டான். கொரோனா வந்த பிறகும் பார்க்கவில்லை.

2021 ஆனியில், பயணத்தடைக் காலத்தில், வெருகலிலிருந்து ஜெயரூபி தொலைபேசி எடுத்தாள். அங்கே தனியாக இருந்த அம்மா சீதேவிக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவள்.

"அக்கா, அம்மாட காலில புண். சீனி வருத்தக் கால்தானே, மணக்குது. சோறு குடுக்கப் போறதெண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போறன். கோவிக்காதேங்கோ."

"அம்புலன்சுக்கு அடியுங்கோவன்."

"அடிச்சு, வந்தவங்கள். அம்மா திருப்பி அனுப்பிப்போட்டா. கொரோனா எண்டு சொல்லிக் கொண்டுபோய் எரிச்சுப்போடுவாங்களாம். பிள்ளையள் வந்து ஏத்தினாத்தான் வருவாவாம்."

தேனுகா உடனே கிராம சேவகரிடம் போகச் சேலை மாற்றினாள். கடிதம் எடுத்தால் நோயாளியை ஏற்றிவரப் பொலிசில் பாஸ் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கோகுலன் தடுத்தான்.

"நீ ஏன் அக்கா அலையிறாய்? பாஸ் என்ட பொறுப்பு. எனக்கு ஆக்கள் இருக்கினம்."

ஒரு நாள் போனது. இரண்டு, மூன்று போனது. ஒவ்வொரு நாளும் அவன் "நாளைக்கு" என்றான். நான்காம் நாள் காலை அச்சக முதலாளியின் வானைக் கொண்டுவந்து படலையடியில் நிறுத்தினான்.

வானுக்குள் முதல்நாள் சாப்பிட்ட கொத்துரொட்டிப் பொதி பிரிந்தபடி கிடந்தது. வெற்றிலை எச்சில் துப்பிய போத்தல் ஒன்று கியரடியில் பாதி நிறைந்து ஆடியது. அவன் மாஸ்க் நாடியில் தொங்கியது. தேனுகா பின்னிருக்கையைச் சனிடைசரால் துடைத்துவிட்டு இருந்தாள். வான் கிளம்பிய பிறகுதான் கவனித்தாள். இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் வெள்ளைத் துணி படபடத்தது. முன்கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்க்க ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளிருந்து பார்க்க அது வெறும் வெள்ளை.

"இது என்ன கொடி?"

"இதுதான் பாஸ். செத்தவீட்டுக்குப் போற வாகனத்தை ஆரும் பெரிசா மறிக்க மாட்டாங்கள்."

"ஆர் செத்தது?"

"ஆரோ ஒராள். பேசாம இரு அக்கா."

கிண்ணியாப் பாலத்தில் மறிக்கவில்லை. மூதூருக்கு முன்னால் கங்கைப் பாலத்தில் மறித்தார்கள். பொலிஸ்காரர் இளைஞர், சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"யார் செத்தது?"

"அம்மா, சேர். பின்னால இருக்கிறது மகள்."

கோகுலன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் பிரதி ஒன்றை நீட்டினான். பொலிஸ்காரர் பார்த்துவிட்டு அதைப் பின் யன்னலால் தேனுகாவிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள்.

திருமதி சீதேவி தம்பையா. காலஞ்சென்ற தம்பையாவின் அன்பு மனைவியும், தேனுகா, கோகுலன் ஆகியோரின் பாசமிகு தாயாரும், கோணேஸ்வரனின் அன்பு மாமியாரும் ஆவார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஓரிடத்திலும் எழுத்துப் பிழை இல்லை. படம் தேனுகாவின் கல்யாணத்தில் எடுத்தது. அதன் ஓரத்தில் கூறைச்சேலைத் தோள் ஒன்று பாதி வெட்டுப்பட்டு நின்றது. அது அவளுடைய தோள்.

 அவள் மாஸ்க்கை இழுத்து யன்னலால் தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். பொலிஸ்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

"பாவம்தானே. போங்க, போங்க."

பாலம் தாண்டியதும் கோகுலன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நல்ல நேரத்திலதான் சத்தியெடுத்தாய். நான் எத்தினை பொய் சொன்னாலும் இப்படி வராது."

அவள் வாயைத் துடைத்தாள். அவன் சொன்னது உண்மை என்பதுதான் எல்லாவற்றிலும் அருவருப்பாக இருந்தது.

"கோணேஸ்வரனை ஏன் போட்டனீ?"

"மருமகன் பேர் இல்லாட்டி அறிவித்தல் மொட்டையாக் கிடக்கும். பழைய டிசைனில ஒரு வரி கூடுதலா இருந்தது."

கிளிவெட்டி தாண்டியது. பிறகு தேனுகா கேட்டாள்.

"திரும்பி வரேக்க அம்மாவை என்னெண்டு கொண்டுவாறது?"

"ஏன், ஏத்திக்கொண்டுதான்."

"அதே பாலம். அதே பொலிஸ். செத்தவவையா ஏத்திக்கொண்டு போகப்போறாய்?"

கோகுலன் வேகத்தைக் குறைத்தான். அதை அவன் யோசிக்கவேயில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது. கடைசியில், "சின்னம்மா எண்டு சொல்லுவம்" என்றான்.

"அடையாள அட்டை கேட்டா?"

"எல்லாத்துக்கும் ஒரு கேள்வி வைச்சிருப்பாய் நீ."

வெருகலுக்குள் போகமுன் கொடியைக் கழற்றச் சொன்னாள். திரும்பிப் போகவும் வேண்டும் என்று அவன் கழற்றவில்லை. வான் வீட்டு வாசலில் நின்றதும் ஜெயரூபி தன் வேலிக்கு மேலால் கொடியைக் கண்டாள். காலையில் தன் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்த மனுசி அதற்குள் போய்விட்டாள் என்று நினைத்துத் தலையிலடித்துக் கத்தினாள். ஒழுங்கையில் கதவுகள் திறந்தன. சனம் மாஸ்க்கும் கையுமாக வந்து இடைவெளி விட்டு நின்றது.

உள்ளே சீதேவி பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். வலக்கால் ஒரு சொப்பிங் பைக்குள், கணுக்காலில் கயிற்றால் கட்டியிருந்தது. பைக்குள் ஈ ஒன்று இரைந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அம்மாவைக் கண்ட தேனுகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிட்டப் போக முடியவில்லை. மணத்தைப் பற்றி ஜெயரூபி சொன்னது குறைவு.

"ஆரடி செத்தது? அவள் ஏன் இப்பிடிக் கத்துறாள்?" என்றாள் அம்மா.

"ஒருத்தரும் இல்லையம்மா, வாங்க, வெளிக்கிடுங்க" என்றான் கோகுலன்.

சீதேவி சுவரைப் பிடித்து, நொண்டி, வாசலுக்கு வந்தாள். அவளைக் கண்டதும் ஜெயரூபியின் வாய் அழுகையோடே நின்றது. அம்மா வானின் முன்பக்கம் போய், கண்ணைச் சுருக்கி, கடைசி வரி வரை வாசித்தாள். 

"கோணேஸ்வரனை ஏனடா போட்டனீ?"

முதலில் ஜெயரூபிதான் சிரித்தாள். பிறகு ஒழுங்கையே சிரித்தது. கோகுலனும் தப்பினேன் என்று சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். தேனுகா போய்க் கொடிகளை இழுத்து அறுத்தாள். அறிவித்தலை நகத்தால் சுரண்டினாள். அச்சகப் பசை. பாதிதான் உரிந்தது. அம்மாவின் ஒரு கண்ணும் கன்னமும் கண்ணாடியில் மிஞ்சின.

"விசரே உனக்கு? இனி என்னெண்டு பாலம் தாண்டுறது?"

"வானை எடு."

அம்மாவைப் பின்னிருக்கையில் ஏற்றி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். பையிலிருந்து ஏதோ ஒழுகிச் சேலையில் ஊறியது. கங்கை வரை ஒரு மணி நேரம் அவள் வாயால் மூச்சு விட்டாள்.

பாலத்தில் அதே பொலிஸ்காரர். கண்ணாடியில் மிஞ்சியிருந்த பாதி முகத்தைப் பார்த்தார். பின்னால் இருந்தவளைப் பார்த்தார்.

"காலைல செத்தது யார்?"

"அது சேர், வந்து, இது எங்கட சின்னம்மா..."

"நான்தான், மகன், செத்தது" என்றாள் சீதேவி.

தேனுகா கதவைத் திறந்து கயிற்றை அவிழ்த்தாள். பை பிரிந்தது. "காலையில சொன்னது பொய், சேர். இவதான் எங்கட அம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறம்."

பொலிஸ்காரர் மாஸ்க்குக்கு மேலால் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டார். தடையை விலக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். கோகுலனின் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஆஸ்பத்திரில விட்டு நீ இங்க வா." பிறகு தேனுகாவிடம் சொன்னார். "நோயாளி எண்டா நாங்க விடுறதுதானே. முதலே சொல்ல ஏலாதா?"

அவள் குனிந்து பையைத் திரும்பக் கட்டினாள்.

அன்று பின்னேரமே பாதத்தின் முன்பாதியை வெட்டினார்கள். இரண்டு மூன்று நாள் முந்தியென்றால் விரல்களோடு நின்றிருக்கும் என்றார் டொக்டர். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கோகுலன் அப்போது அங்கே இல்லை. அனுமதிப்பத்திரத்துக்காகப் பாலத்துக்குப் போயிருந்தான்.

இப்போது அம்மா அன்புவழிபுரத்தில் தேனுகாவோடு இருக்கிறாள். கோகுலன் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வைத்த மாலுபணிஸ் வாங்கிக்கொண்டு வருவான். அம்மாவுக்கு அவன் வந்தால்தான் கதை. கொரோனாவில் அவனுக்கென்று தேனுகா ஒதுக்கிய கோப்பை இன்னும் தனியாகத்தான் கழுவிக் கவிழ்க்கப்படுகிறது. மாஸ்க் எல்லாம் போய் வருடக்கணக்காகிவிட்டது. ஏன் என்று அவன் கேட்டதில்லை.

போன ஞாயிறு அவள் கேட்டாள்.

"அந்த அறிவித்தலை உன்ட கொம்பியூட்டரில இருந்து அழிச்சிட்டாயா?"

"ஏன் அழிக்க? திகதியை மட்டும் மாத்தினாக் காணும்தானே."

"அப்ப கோணேஸ்வரன்ட பேரையும் எடுத்துவிடு தம்பி" என்றாள் அம்மா, பணிஸை மென்றபடி. அம்மாவும் மகனும் சிரித்தார்கள்.

தேனுகா அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். பாதித் தேத்தண்ணி இருந்தது. குசினிக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள்.