புரோச்சின் பின்பக்கம்

1. முதல் நாள்

கனடாவில், மொன்றியல் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே பட்டறையைப் பார்த்துக்கொண்ட குணம் அண்ணை சொன்னார்: "ஆக்கள் நிக்கேக்கை கடைப்பக்கம் எட்டிப் பாக்கப்படாது, கண்டியோ. இஞ்ச பட்டறையே இல்லை எண்டுதான் கதை."

சொகுசுக் கப்பலில் வரும் பணக்காரர் நினைவுக்கு வாங்கிப்போகும் கடை அது. பழங்கால இத்தாலிய நகைகளின் படத்தைப் பார்த்து, கடுகிலும் சிறிய பொன்மணிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, உடுப்பில் ஊசியால் குத்திக்கொள்ளும் புரோச் செய்வேன். கடைசியில் கந்தகத் தண்ணீரில் முக்கி இடுக்குகளைக் கறுப்பாக்குவோம். நகையோடு வைக்கும் அட்டையில் 'பழைய பாணி' என்று இருக்கும். முதலாளி வாயால் சொல்லும்போது 'பாணி' விழுந்துவிடும், நூறு வருடம் சேர்ந்துவிடும்.

2. கேள்வி

யாழ்ப்பாணத்தில் நான் தொழில் பழகிய இடத்தில் நகையின் பின்பக்கத்தையும் முன்பக்கம் போலவே மினுக்குவோம். உடம்பில் படுகிற பக்கம் அதுதானே. இங்கேயும் கை அப்படியே போனது. பட்டுத்துணி கிழியாதபடி ஊசிமுனையையும் உருட்டிவிடுவேன்.

ஓர் இலையுதிர் காலத்தில் வயதான அம்மா ஒருவர், முந்தின நாள் வாங்கிய புரோச்சோடு திரும்பி வந்தார்.

"நூறு வருடம் பழையது என்றீர்கள். பின்னால் ஒரு கீறல்கூட இல்லையே. யார் செய்தது?"

முதலாளி உள்ளே பார்த்து என்னைக் கூப்பிட்டார். கதவடியில் குணம் அண்ணை என் காதுக்குள், "வாயைத் திறந்தியோ, நாளைக்கு வரத் தேவையில்லை" என்றார்.

"இவர்தான் சுத்தம் செய்தவர், கேளுங்கள்" என்றார் முதலாளி.

"நீங்கள் செய்ததா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லை, மேடம். மினுக்கினது மட்டும்தான்."

கறுத்துப்போன என் விரல்களைச் சற்று நேரம் பார்த்தார். "செய்தவர் இருந்திருந்தால் கை குலுக்கியிருப்பேன்" என்றார். புரோச்சைக் கோட்டில் குத்திக்கொண்டு போய்விட்டார்.

3. முரட்டு அரம்

அன்று மத்தியானமே குணம் அண்ணை என் மேசையில் ஒரு முரட்டு அரத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"உன்ர மினுக்கு எங்கள் எல்லாரையும் மாட்டிப்போடும். இனிமேல் பின்பக்கத்தைக் கீறு."

"எவ்வளவு கீறுறது, அண்ணை?"

"நூறு வருசத்துக்குக் கீறு."

கீறினேன். ஒன்பது வருடம் கீறினேன்.

இப்போது நான் வேறு பட்டறையில். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: யார் செய்தது என்று ஒருவர் கேட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். என்னிடம் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கீறின நகையைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி வராது.