தூங்கிக்கொண்டே இருந்த கிழவி

"கிழவி சாப்பிட்டாளா?" என்று அக்கா கேட்டாள்.

"சாப்பிட்டாங்க."

"இப்ப என்ன பண்றா?"

"தூங்குறாங்க."

"என்னடி இது, எப்பக் கேட்டாலும் தூங்குறாங்கிறே? நீ போய் பதினெட்டு நாளாச்சு. அந்த மனுஷி ஒரு நாள்கூட கண்ணைத் தொறக்கலியே. டாக்டர்கிட்ட சொல்லு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும்."

"சரிக்கா."

போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரே இருந்த தண்ணீரைப் பார்த்தாள். கிழவி தூங்கவில்லை. கிழவியே இல்லை. இருந்ததெல்லாம் ஒரு படகுத்துறை, அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் பெஞ்சு, பெஞ்சின் மேல் பாதி கடித்த ரொட்டியோடு நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, அந்த ரொட்டி எப்போது கீழே விழும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நான்கு புறாக்கள்.

அவளை வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் பட்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டாவதோடு படிப்பு நின்று, சட்டை தைக்கிற கம்பெனியில் பட்டன் வைக்கச் சேர்ந்தாள். பிறகு செக்கர் ஆனாள், பெயர் மட்டும் மாறவில்லை. வாயைத் திறக்காத பெண்ணுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவும் இருந்தது. செக்கர் வேலைக்குப் பேச்சு எதற்கு? சட்டையை உள்பக்கம் திருப்ப வேண்டும், தையலை விரலால் தடவ வேண்டும், பிசகு இருந்தால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மேஜைக்கு. அவ்வளவுதான். கடைசியில் சட்டைகள் அட்டைப் பெட்டிக்குள் போகும். பெட்டியின் மேல் ஏதாவது ஒரு தேசத்தின் பெயர் இருக்கும். எழுத்துக் கூட்டி அவள் படித்துப் பார்ப்பாள். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே யார், எந்தத் தெருவில், எந்தக் கடைக்குப் போவார்கள்? முப்பது வருடமாக அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரே கதை அதுதான்.

கல்யாணம் அமையவில்லை. அக்கா வீட்டில் ஒரு அறை, அக்காவின் மகளோடு சேர்ந்து. போன வருடம் கம்பெனியை மூடிக் கணக்கு முடித்துக் கொடுத்தபோது, ஒரு நாள் சாப்பிடும் நேரத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"வெளிநாடு போய்ப் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன். ஒரு வருஷம்."

அத்தான் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "யாரோட?"

"தனியாத்தான்."

"எதுக்கு?"

"சும்மா... பார்க்க."

"பார்க்கவா? என்னத்தைப் பார்க்க?"

அத்தான் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நல்ல ஜோக்குக்குச் சிரிக்கிற சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, வயசான அம்மா ஒருத்தியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு வருடத்துக்கு, என்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா அழுதாள். அத்தான் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். வேலைக்கு என்றால் எந்தக் கண்காணாத தேசத்துக்கும் போகலாம், சும்மா போகத்தான் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். விமானத்தில் ஏறும்வரை அது அவளுக்குக் கெட்டிக்காரத்தனமாகவே பட்டது.

முதல் வாரம் பயத்திலேயே போனது. பெண்கள் மட்டும் தங்கும் விடுதி, ஒரே அறையில் ஆறு பேர், மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில்கள். தெருமுனைக் கடைவரை போவாள், ரொட்டியும் பழமும் வாங்குவாள், வந்த வழியே திரும்பிவிடுவாள். வழி மறந்துவிடுமோ என்று வீடுகளின் கதவு நிறங்களை மனப்பாடம் செய்தாள். சிவப்பு, சிவப்பு, பச்சை, துருப்பிடித்தது, விடுதி. இரண்டாவது வாரம் பேருந்தில் ஏறினாள். எங்கே போகிறது என்று கேட்க வெட்கமாக இருந்ததால், கடைசி நிறுத்தம்வரை போய் அதே வண்டியில் திரும்பி வந்தாள். மறுநாள் வேறு எண் வண்டி. முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் சட்டைத் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டே போவாள். ஒருவருக்குக் காலர் தையல் அரை நூல் அளவுக்கு இறங்கியிருந்தது. யாரோ அசந்துவிட்டிருக்கிறாள் என்று நினைத்து, அந்த யாரோவுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டாள்.

சந்தோஷமாக இருந்தாள். தொல்லையே அதுதான். காலையில் விழித்ததும், இன்றைக்கு யாரும் தன்னை எதற்கும் கூப்பிடப் போவதில்லை என்ற நினைப்பு வெல்லக்கட்டியாக நாக்கில் கரையும். பதினோரு மணிக்கு அக்காவின் போன் வரும்.

"அந்தக் கிழவி உன்னைத் திட்டுறாளா?"

"இல்லக்கா, தங்கமானவங்க."

"முதல்ல எல்லாரும் தங்கந்தான். முதுகு தேய்ச்சு விடச் சொல்றாளா? நீ ரொம்பக் குனியாதே. பாவி, உன்னை ஒருத்தி வீட்டுக்கு மூத்திரத் துணி அலச அனுப்பிட்டு நான் இங்க உக்காந்து டிவி பாக்கிறேன்."

ஒவ்வொரு போனிலும் கிழவி வளர்ந்தாள். அவளுக்கு உப்பு ஆகாது என்றாயிற்று. இடது காது மந்தம் என்றாயிற்று. வீடியோவில் காட்டச் சொன்னபோது, வீட்டுக்குள் போன் காமிராவைக் காட்டினால் அவளுக்குப் பிடிக்காது என்றாயிற்று. பேசி முடித்த பின் அரை மணி நேரம் தண்ணீரும் புறாவும் கண்ணில் படாது. பிறகு படும். பட்டதற்காக மனசு இன்னும் குறுகுறுக்கும்.

இருபதாவது நாள் அக்கா மகளிடமிருந்து குரல் பதிவு வந்தது, கிசுகிசுவென்று.

"சித்தி, நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதே. நீ போன நாள்லேருந்து அம்மா கட்டில்ல படுக்கிறதே இல்ல. தரையிலதான். 'அவ அங்க எந்த மூலையில சுருண்டு கெடக்காளோ, எனக்கு மட்டும் மெத்தை கேக்குதா'ங்கிறா. முட்டி பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு. காலையில எழுந்திரிக்க அப்பா ஒரு கை, நான் ஒரு கை. நீயாவது ஏதாவது சொல்லு."

அக்காவின் கட்டில் அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தாலே கிறீச்சென்று வீட்டுக்கே சொல்லிவிடும் இரும்புக் கட்டில். முட்டி வலி வந்த பிறகு டாக்டர் தரையில் உட்காரவே கூடாது என்றதால் வாங்கியது.

அன்று போனில் அவளே பேச்சை எடுத்தாள். "அக்கா, எனக்கு இங்க நல்ல கட்டில் குடுத்திருக்காங்க. மெத்தையெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு. நீ ஒண்ணும் கவலைப்படாதே."

"நீ அப்படித்தான் சொல்லுவே" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எனக்குக் கஷ்டமா இருக்கும்னு மறைக்கிறே. சின்ன வயசுலேருந்து உனக்குப் பொய் சொல்ல வராதுடி."

இருபது நாளில் அவள் சொன்ன ஒரே உண்மை அந்தக் கட்டில்தான்.

அன்றைக்கு மெத்தையில் படுக்க முதுகு ஒப்பவில்லை. போர்வையை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே விரித்துக்கொண்டாள். இரண்டு தேசத்தில் இரண்டு கட்டில்கள் காலியாகக் கிடக்க, அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு தரையில் கிடந்தார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் இருவராலும் சொல்ல முடிந்திருக்காது. இரண்டாம் நாள் காலை விடுதிக்காரி பார்த்துவிட்டாள். மெத்தையைக் காட்டி, விரல்களைப் பூச்சிபோல் ஊரவிட்டுக் காட்டினாள். மூட்டைப்பூச்சியா என்று கேட்கிறாள். இல்லை இல்லை என்று இவள் தலையாட்டியது அவளுக்கு மரியாதைக்கு மறைப்பதாகப் பட்டிருக்க வேண்டும். மத்தியானம் புது மெத்தை வந்தது, உயரமாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். கூடவே இன்னொரு தலையணை. விடுதிக்காரி நெஞ்சில் கைவைத்து மன்னிப்பு வேறு கேட்டாள்.

விடுதிக்காரி போனதும் அந்த மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று ஓடவில்லை. கை தானாக மெத்தை உறையின் தையலைத் தடவியது. கைக்குட்டை எடுக்கப் பெட்டியின் பக்கப் பையைத் துழாவியபோது சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று அகப்பட்டது. கடைசி நாள் மேஜையைக் காலி செய்தபோது எடுத்து வந்தது.

செக்கர் ஆன புதிதில் ஒரு முறை பிசகான சட்டை ஒன்றைத் தெரிந்தே அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டாள். தைத்தவள் பிள்ளைத்தாய்ச்சி, திட்டு வாங்க வேண்டாமே என்றுதான். அடுத்த மேஜைக்காரி அதைக் கவனிக்கவில்லை என்று அவளை ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் அம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் மேஜையில பாத்ததை உன் மேஜையிலயே நிறுத்து. தள்ளிட்டேன்னா அது ஒண்ணும் அறியாதவ தலையில போய் உக்காரும்" என்றாள்.

இந்தப் பொய் அக்காவின் முட்டியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் பதினோரு மணிக்கு விடுதியின் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிஷின் சுற்றும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றுதான். இவள் பேசும் மொழி அங்கே யாருக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"கிழவி..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அக்கா, கிழவி இல்ல."

"ஐயோ! எப்போ? நான் அப்பவே சொன்னேன், டாக்டரைக்..."

"சாகல. அப்படி ஒருத்தியே இல்ல. வேலையும் இல்ல. நான் சுத்திப் பார்க்கத்தான் வந்தேன். பொய் சொல்லிட்டேன்."

மிஷின் சுற்றி, நின்று, எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

"உப்பு ஆகாதுன்னே."

"ஆமா."

"காது கேக்காதுன்னே."

"அதுவும் பொய்தான்."

"தினமும் விளக்கேத்துறப்ப அவ பேரையும் சேர்த்து வேண்டிக்கிட்டேன்டி. பேர் தெரியாம 'அந்தக் கிழவி'ன்னு." அக்காவின் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "சுத்திப் பார்க்கணும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். சிரிச்சீங்க."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவள் மிஷின் நிற்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் குற்றம் சொல்லிவிட்டாள்.

நான்கு நாள் போன் வரவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். பெட்டியை ஒரு தடவை அடுக்கினாள், பிறகு பிரித்தாள். ஐந்தாம் நாள், கடைசி நிறுத்தத்துக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இருந்தபோது போன் அடித்தது.

"கிழவி எப்படி இருக்கா?" அக்காவின் குரல் தெருவுக்கே கேட்பதுபோல் இருந்தது.

"அக்கா?"

"பக்கத்து வீட்டு அத்தை வந்திருக்காங்க, விசாரிக்கிறாங்க. இன்னைக்காவது கண்ணு முழிச்சாளா, இல்லியா?"

தங்கை வெளிநாட்டு வேலையில் இருக்கிறாள் என்று வீதி முழுக்க அக்கா பெருமையாகச் சொல்லிவைத்திருப்பாள். இனி அத்தனை பேருக்கும் அக்காதான் அந்தக் கிழவியைக் கட்டி மேய்க்க வேண்டும். நிறுத்திவிட்டதாக நினைத்தது, எவ்வளவு பத்திரமாக அடுத்த மேஜைக்குப் போயிருக்கிறது.

"முழிச்சுட்டாங்க" என்றாள். "ஜன்னலோரமா உக்காந்து வெளிய பாத்துட்டிருக்காங்க."

"முழிச்சுட்டாளாம்!" என்று அக்கா யாரிடமோ சொன்னாள். ஏதோ பேச்சு, செருப்புச் சத்தம், வாசல் கதவு சாத்தும் சத்தம். பிறகு கிறீச்சென்று இரும்புக் கட்டில் முனகியது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உன் மேல எனக்கு இன்னும் கோபம் போகல" என்றாள் அக்கா, இப்போது தணிந்த குரலில்.

"தெரியும்க்கா."

"அத்தான்கிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னும் தெரியல."

"நான் சொல்லட்டுமா?"

"நீ கிழிச்சே. சும்மா இரு." கட்டில் மறுபடியும் முனகியது. காலைத் தூக்கி மேலே வைத்திருப்பாள். "இப்ப ஜன்னல்ல என்ன தெரியுது?"

அவள் வெளியே பார்த்தாள். பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், வரிசையாக வந்த வீட்டுக் கதவுகளின் நிறங்களிலிருந்து ஆரம்பித்தாள்.