வெள்ளிக்கிழமை வெளியே வராத லேத்து

போன வாரம் ஒரு பழைய லேத்து மிஷினை வாங்கப் போய், கிழமைகளிடம் மாட்டிக்கொண்டு முழித்தேன். உங்களிடம் புலம்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பித்தளையில் ஒரு குட்டி நீராவி இன்ஜினை என் கையாலேயே கடைந்து ஓடவிட வேண்டும் — ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு இந்த ஒரே கிறுக்குதான். புது லேத்து என் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகாது. பழசு தேடி ராஜபாளையத்தில் நான் ஏறி இறங்காத பட்டறை இல்லை. ஒன்று, மில்லில் கிடந்த யானை சைஸ் மிஷின். என் கார் ஷெட்டை இடித்தாலும் நுழையாது. இல்லையென்றால், பெயின்ட் மட்டும் புதிதாக அடித்த காயலான் கடைச் சரக்கு. "ஓடுமா?" என்று கேட்டால், "நீங்க ஓட்டுனா ஓடும் சார்" என்கிறார்கள். இதெல்லாம் ஒரு பதிலா?

கடைசியில், வெள்ளிக்கிழமை, மேஜை மேல் அடங்குகிற மூன்றடி லேத்து ஒன்று சிக்கியது. மில் ஃபிட்டராக இருந்த மம்சாபுரத்து நண்பர் சேகரையும் ஒரு லோடு ஆட்டோவையும் கூட்டிக்கொண்டு போனேன். சேகர் ஓட்டிப் பார்த்தார்.

"அடியில இருக்க பெட்டு தேயவே இல்ல அண்ணாச்சி. கண்ண மூடிட்டு வாங்குங்க."

விலையும் படிந்தது. பட்டறை ஓனர் கையைப் பிசைந்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார்... லட்சுமிய வெளிய அனுப்ப மாட்டோம். நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போங்க."

எடுத்த பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினேன். சேகர், "நீங்க போங்க, செத்த நேரம் பேசிட்டு வாரேன்" என்று அங்கேயே நின்றுவிட்டார்.

வீட்டில் மனைவி பொங்கிவிட்டாள். "சனிக்கிழமை யாராவது இரும்பு வாங்குவாவளா? வாசப்படி தாண்டப்பிடாது, ஆமா!"

ஞாயிறு பட்டறை லீவு. திங்கட்கிழமை வருகிறேன் என்று போன் செய்தேன். ஓனர், "ம்... பாப்போம் சார்" என்று இழுத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

திங்கட்கிழமை போனால், மிஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"உங்க கூட வந்தாருல்லா... அவரு வெள்ளிக்கிழமையே அட்வான்ஸ் குடுத்துட்டு, சனிக்கிழமை தூக்கிட்டுப் போயிட்டாரு."

"வெள்ளிக்கிழமை கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"லட்சுமி வெளிய போகத்தான் கூடாது. உள்ள வரலாமே சார்!"

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேகருக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை இரும்பு வாங்கலாமா என்று கத்தினேன்.

"வாங்குனது வெள்ளிக்கிழமைல்லா அண்ணாச்சி! சனிக்கிழமை தூக்கிட்டு வந்தேன், அம்புட்டுதான். நம்ம மிஷின்தான... எப்ப வேணும்னாலும் வந்து கடஞ்சுக்கிடுங்க."

சூடு சொரணை உள்ளவன் போவானா? பித்தளைக் கட்டியோடு நேற்று போனேன் — சரியாக ராகு காலம் பார்த்து!