பின்னால் வரக் கற்றுக்கொண்ட கண்டக்டர்

என் தம்பி மனைவியை ஊரே கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். வேலை மாறிய பிறகும் பேர் மாறவில்லை. ஓடும் பேருந்தில் இருபது வருஷம் நின்றே காலம் தள்ளியவள். எவ்வளவு பெரிய வளைவிலும் கம்பியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. பிறகு டிக்கெட் கொடுக்க மிஷின் வந்தது. அவளை டிப்போவில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சம்பளத்தில் குறையில்லை. கால்தான் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த டைப்பிஸ்ட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க கால் ஆடுற ஆட்டத்துல நான் தப்புத்தப்பா அடிக்கிறேன். வாங்க, ஆட வேண்டிய இடத்துல போய் ஆடுங்க" என்று தான் போகிற நடன வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்டக்டருக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

வால்ட்ஸ் மாதிரியான ஜோடி நடனம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கை கோத்து, வழவழப்பான மரத்தரையில் கூடம் முழுக்கச் சுற்றி வர வேண்டும். எங்கள் வம்சத்தில் ஆடினவர் கிடையாது. பெரியப்பாவின் மூன்றாவது மகன் ஒரு தடவை வாசலில் குதித்துக் குதித்து ஆடினான். செருப்புக்குள் தேள் இருந்தது.

நடன மாஸ்டர் கப்பலில் பயணிகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வகுப்பில் பெண்கள் நிறைய, ஆண்கள் விரல் விட்டு எண்ணலாம். உயரமாக இருந்த கண்டக்டரைப் பார்த்து, "இன்னைக்கு ஒருநாள் ஆம்பளை இடத்துல நில்லுங்கம்மா" என்றார். அந்த இன்னைக்கு ஆறு வருஷம் ஓடியது.

அந்த நடனத்தில் ஆண் வழி காட்ட வேண்டும். பெண் அவன் கையின் குறிப்பறிந்து கூடவே போக வேண்டும். வழி காட்டுவது கண்டக்டருக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? "உள்ள வாங்க, உள்ள வாங்க, மூலையில எவ்வளவு எடம் கிடக்கு பாருங்க" என்று எதிரே வரும் ஜோடிகளையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவாள். புதிதாக வருகிறவர்கள் அவள் கையில் பயப்படாமல் சுற்றினார்கள். மாஸ்டரும் மெல்ல மெல்லப் புதியவர்களை எல்லாம் அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

பிறகு மாஸ்டருக்கு முழங்கால் போயிற்று. மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். அவர் இடத்தில் நிற்கக் கண்டக்டரைத்தான் சொன்னார். ஆனால் வகுப்பு நடக்கிற நகராட்சிக் கூடத்தை, நடனச் சங்கத்தின் சான்றிதழ் உள்ளவருக்குத்தான் விடுவார்கள். சான்றிதழ் வாங்கத் தேர்வு உண்டு. அதில் ஒரு பாதி ஆணாக ஆடிக் காட்ட வேண்டும், மறுபாதி பெண்ணாக.

பெண்ணாக ஆடத்தான் அவளுக்கு வரவில்லை.

"ஏம்மா, நான் கூட்டிட்டுப் போகணும். நீங்க என்னை இழுத்துட்டுப் போறீங்க" என்றார் மாஸ்டர்.

"அடுத்து அந்தப் பக்கம்தானே திரும்பப் போறீங்க? தெரிஞ்சுகிட்டே எதுக்குக் காத்துக்கிட்டு நிக்கணும்?"

"நான் திரும்பற வரைக்கும் நிக்கணும்."

"வண்டி தாமதமாயிடும் மாஸ்டர்."

மாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் எல்லாருக்கும் ஒரே வீடுதான். அன்று சாயங்காலம் வீடு திரும்பியவள் முகத்தில் சிரிப்பில்லை. நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். "அண்ணி, அந்தக் கூடம் கைவிட்டுப் போச்சுன்னா எனக்கு அந்த நாற்காலிதான் கதி" என்றாள். நாத்தனார் என்ற முறையில் கேலி பேச வாயெடுத்த நான், அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டாணியையே உரித்தேன்.

என் தம்பி கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டான். கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தவனை எழுப்பி வீட்டு நடுக்கூடத்தில் நிறுத்தினாள். "ஏங்க, என் முதுகுல கைய வைங்க. எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

"எனக்கு ஒரு எழவும் தெரியாதே."

"தெரியாட்டிப் பரவால்ல, நடங்க."

நடந்தான். ஜன்னல் பக்கம் போகிறான் என்று இவள் திரும்ப, அவன் அலமாரிப் பக்கம் போனான். நேரே வருவான் என்று இவள் பின்வாங்க, அவன் சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து நின்றுவிட்டான். இவள் அவன் காலை மிதித்தாள்.

"எங்கதான் போறீங்க?"

"அது தெரிஞ்சா போயிருக்க மாட்டேனா?"

நான் சிரித்த சிரிப்பில் பட்டாணித் தட்டு கவிழ்ந்தது. ஆனால் கண்டக்டர் சிரிக்கவில்லை. ஏதோ பிடிபட்டவள்போல் அவன் கையை மறுபடி எடுத்து முதுகில் வைத்துக்கொண்டாள். மாஸ்டருக்கு எல்லாம் தெரியும், அவர் எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று இவளுக்கும் தெரியும், அதனால் முந்திவிடுகிறாள். என் தம்பி எந்தப் பக்கம் போகப்போகிறான் என்று கடவுளுக்கே தெரியாது. அவன் கை சொல்கிற வரை நிற்பதைத் தவிர வழியில்லை. தேர்வு வரை தினமும் சாயங்காலம் இதுதான் நடந்தது. எங்கள் வீட்டு நாற்காலிகளெல்லாம் சுவரோரம் போய்விட்டன.

தேர்வுக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். சங்கத்திலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர், விறைப்பான ஆள். ஆணாக ஆடிய பாதியில் கண்டக்டர் டைப்பிஸ்டைப் பம்பரமாகச் சுழற்றிக் காட்டினாள். அடுத்த பாதிக்குத் தேர்வாளரே கை நீட்டினார். ஆரம்பத்திலேயே இவள் தாடை மேலே ஏறியது. அது ஏறினால் முந்தப்போகிறாள் என்று அர்த்தம். மாஸ்டர் என் தோளைப் பிடித்து நசுக்கினார். ஒரு திருப்பத்தில் முந்தியும்விட்டாள். தேர்வாளர் புருவம் சுருங்கியது.

அதன்பிறகு என்னவோ, தாடை இறங்கியது. அவர் வேண்டுமென்றே பாதி திருப்பத்தில் நின்றார். இவளும் நின்றாள். வழக்கமில்லாத பக்கம் போனார். இவளும் போனாள்.

முடிந்ததும் தேர்வாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "முன்னால போறது பிரமாதம். பின்னால வர்றது..." என்று இழுத்தார். மாஸ்டர் என் தோளை இன்னும் விடவில்லை. "போதும், பரவால்ல. வகுப்பு எடுக்கலாம்" என்று முடித்தார் தேர்வாளர்.

வெளியே வந்ததும் கேட்டேன், "என்னடி பண்ணின?"

"இந்த மனுஷன் எல்லாம் தெரிஞ்சவர்னு நினைச்சா முந்திடுறேன் அண்ணி. அதான், பாவம், உங்க தம்பி மாதிரி எங்க போறோம்னு தெரியாம போறார்னு நினைச்சுக்கிட்டேன். கால் தன்னால நின்னுடுச்சு."

இப்போது அந்தக் கூடம் அவள் பொறுப்பில். பகலில் விசாரணை ஜன்னல், சாயங்காலம் வகுப்பு. வகுப்பில் சேருகிற ஒவ்வொருவரும் இரண்டு இடத்திலும் நின்று பழக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாள். டைப்பிஸ்ட் இப்போது ஆம்பளை இடத்தில் நின்று அதிகாரம் பண்ணுகிறாள்.

போன மாதம் என் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் வந்து முறையா கத்துக்கட்டுமா?" என்று கேட்டான்.

"கூடவே கூடாது" என்றாள். "ஊர்ல யார் வேணா வரலாம், நீங்க மட்டும் வரக் கூடாது. நீங்க கத்துக்கிட்டா நான் பழையபடி ஆயிடுவேன்."

அவன் என்னைப் பார்த்தான். அது புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அவளே எழுந்து வந்து அவன் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு காத்து நின்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் நடந்தான்.